வாலைத் தொலைத்த விமானம்

செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை மணி. விமானம் தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் நின்றது. முந்தின நாள் அதை அங்கே இறக்கிய பெண் தோள்பட்டை எலும்பு முறிந்து அருப்புக்கோட்டையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். எங்கே போனதென்று தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: விமானத்தின் வாலில் இடப்பக்கத்து மடல்.

சப்-இன்ஸ்பெக்டர் அமுதவள்ளி விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஆடு திருட்டு தெரியும், வரப்புத் தகராறு தெரியும், பஸ்ஸில் சங்கிலி அறுக்கிற கை எப்படியிருக்கும் என்றுகூடத் தெரியும். வாலைக் காணோம் என்று ஒரு வழக்கு வந்தால் அதை எந்தப் பிரிவில் எழுதுவது? சத்தியமாக அவளுக்கு விளங்கவில்லை. ஏட்டு பால்ச்சாமியைப் பார்த்தாள். அவர் அவளைவிடக் குழம்பிப்போய் நின்றார்.

"இதுக்குப் பேரு எலிவேட்டர் மேடம்" என்றார் உதயகுமார். விமானப் பயிற்சிப் பள்ளியின் பராமரிப்பு இன்ஜினியர். செய்தி கேட்டு இரவோடு இரவாகக் காரில் வந்திருந்தவர். "வாலுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு. கைப்பிடிய இழுத்தா இந்த மடல் மேல தூக்கும், விமானம் மூக்கை நிமித்தும். தள்ளுனா குனியும்."

"அது இல்லாம விமானம் பறக்குமா?"

"பறக்காது. அதனாலதான் சொல்றேன், மடல் வானத்துல கழண்டு விழலை. இந்தப் பொண்ணு சொந்த ஊர்க்காரங்களுக்கு வித்தை காட்டத் தாழப் பறந்திருக்கா. அந்தா நிக்குதே பனை, அதுல வாலை இடிச்சிருக்கா. மடல் பிச்சுக்கிட்டுப் போன பிறகுதான் ரேடியோவுல 'கன்ட்ரோல் போச்சு'ன்னு கத்தியிருக்கா. எத்தனை கண்மாய் இருக்கு இந்தப் பக்கம்! குறி வச்ச மாதிரி அவங்க ஊர்க் கண்மாய்லயேவா வந்து இறங்கணும்? அதுவும் எஞ்சினை அணைக்காம! மொத நாள் பழகுற ஆளுகூட இந்தத் தப்பைச் செய்யாது."

கேட்கக் கேட்க அமுதவள்ளிக்கும் அது சரியாகத்தான் பட்டது. போதாக்குறைக்கு, கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டு நின்ற முனீஸ்வரன் தானாக வந்து சாட்சி சொன்னான்.

"நானும் பாத்தேன் மேடம். ஊஞ்சலாடுற மாதிரி ஏறி ஏறி எறங்குச்சு. ஆத்தாடி!"

"பாத்தீங்களா?" என்றார் உதயகுமார். "வித்தைதான்."

விமானத்தை ஓட்டி வந்த சுகந்தி அந்த ஊர்ப் பெண். அப்பா சந்தனம், அருப்புக்கோட்டை மிளகாய் மண்டியில் லோடு ஏற்றுகிறவர். அந்த வீட்டில் அவளுக்கு முன்னால் கல்லூரி வாசலைக்கூட யாரும் மிதித்ததில்லை. உதவித்தொகையில் படித்து, தனியாகப் பறக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். லைசென்ஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வியாழக்கிழமை டெல்லியிலிருந்து விசாரணை அதிகாரி வருகிறார். இன்ஜினியர் சொல்வதை அவர் நம்பிவிட்டால், இந்தப் பெண் இனிமேல் விமானத்தை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

சந்தனமும் கூட்டத்தில் நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்தவருக்கு அதுவரை பேசியது எதுவும் தெரியாது. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து முகமே சிவந்து போயிருந்தது. உதயகுமார் அவரிடம் போய்ச் சத்தம் போட்டார்.

"ஒங்க பொண்ணுகிட்ட முழு விமானத்தைத்தான் குடுத்தோம். பாதி வாலைத் தொலைச்சிட்டு வந்திருக்கா. யாரு பதில் சொல்றது?"

"அது கெடைச்சிருச்சின்னா சரியாப் போயிருமா சார்?"

"மொதல்ல கிடைக்கட்டும். கிடைச்சாத்தான் பேச்சே."

மத்தியானம் வரை தேடினார்கள். பனைமரத்தடி, கண்மாய்த் தண்ணீர் வழிகிற கலுங்கு, முள்ளுக்காடு ஒன்றும் பாக்கியில்லை. மடலைக் காணவில்லை. கூட்டம் கலைந்தது.

புதன்கிழமை, காலை ஆறு மணி. பால்ச்சாமி போன் செய்தார்.

"அம்மா, வால் வந்திருச்சு."

"வந்திருச்சுன்னா? நடந்தா வந்துச்சு?"

"பனைமரத்தடியில கெடக்கும்மா."

அமுதவள்ளி போய்ப் பார்த்தாள். கதவுப் பலகையைவிட ஒல்லியாக, வெள்ளை வெளேரென்று பனைக்கடியில் கிடந்தது. ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தது. அதற்கு அடியில் இரண்டு காய்ந்த பனமட்டைகள், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

"நேத்து இங்க தேடுனீகளா இல்லையா?"

"தேடுனேம்மா." பால்ச்சாமி தலையைச் சொறிந்தார். "தேடுனேன்னுதான் நெனைக்கிறேன். நடுவுல டீ குடிக்கப் போனேன். அதுக்கு முன்னாடி தேடுனேனா, பொறவு தேடுனேனான்னுதான் கொழப்பமா இருக்கு."

நல்ல ஏட்டு! அமுதவள்ளிக்கு அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. அவளும் நேற்று அந்த மரத்தைக் கடந்துதான் போனாள். பார்த்தாளா, பார்த்ததாக நினைத்தாளா என்று அவளுக்கே இப்போது சந்தேகமாக இருந்தது.

உதயகுமார் லாட்ஜிலிருந்து ஓடி வந்தார். முகத்தில் அப்படியொரு பிரகாசம். "நான் சொன்னேன்ல? மோதுன வேகத்துல மட்டையும் சேந்து விழுந்திருக்கு பாருங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அதற்குள் ஊரில் பாதிப் பேர் மடலைத் தொட்டுப் பார்த்துவிட்டார்கள். கைரேகைக்கு இனி வழியில்லை. ஜீப்பில் ஏற்றச் சொன்னாள். பால்ச்சாமி குனிந்து ஒரு முனையைத் தூக்கினார். "அச்!" என்று ஒரு தும்மல்.

"ஒத்தத் தும்மல்!" என்றது கூட்டம். "கீழ வைங்கய்யா. தண்ணியக் குடிச்சிட்டுத் தூக்குங்க. நல்ல காரியத்துக்கா போறீக, இருந்தாலும் சகுனம் சகுனந்தான்."

மடலைக் கீழே வைத்தார்கள். யாரோ செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பால்ச்சாமி குடித்தார். அமுதவள்ளியும் ஒரு வாய் குடித்துவைத்தாள், எதற்கு வம்பு? காத்திருந்த நேரத்தில் மடலின் மடிப்புக்குள் விரலைவிட்டுத் துழாவினாள், பிறகு கண்ணோரத்து வேர்வையைத் துடைத்தாள். கண் பற்றிக்கொண்டு எரிந்தது. தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"பாவம், எஸ்.ஐ. அம்மா அந்தப் புள்ளைக்காக அழுவுறாக" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

கண்மாய்ப் புழுதியைச் சபித்துக்கொண்டே அமுதவள்ளி கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

பகல் பதினொரு மணி, ஆஸ்பத்திரி. சுகந்தியின் இடது கை கழுத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது.

"மடல் பனைமரத்தடியில கெடைச்சிருக்கு" என்றாள் அமுதவள்ளி.

"இருக்கவே முடியாது மேடம்! திருச்சுழிக்கு முன்னாடியே அது போயிருச்சு. வால்ல ஒரு சத்தம். கைப்பிடிய இழுக்குறேன், ஒண்ணும் நடக்கலை. கழண்ட தாப்பாள் மாதிரி லொடலொடன்னு ஆடுது. மடல் போகும்போது வலப்பக்கத்துக்குப் போற கம்பியையும் பிச்சுக்கிட்டுப் போயிருக்கணும்."

"பயப்படலையா?"

"அம்மான்னு கத்துனேன். அங்க யாருக்குக் கேக்கப் போகுது?"

"பெறகு எப்படித்தான் எறக்குன? அது இல்லாமப் பறக்காதுன்னு உங்க இன்ஜினியர் சொல்றாரே?"

"அவரு ரிப்பேர் பாக்குறவரு. அவரா பறக்குறாரு?" வலியிலும் சுள்ளென்று வந்தது பதில். "ரெண்டு வழி மிச்சம் இருந்துச்சு மேடம். ஒண்ணு எஞ்சின். வேகத்தைக் கூட்டுனா மூக்கு ஏறும், குறைச்சா தாழும். இன்னொண்ணு, சீட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்னச் சக்கரம், ட்ரிம்னு சொல்வாங்க. அதைச் சுத்துனா வலப்பக்க மடலோட ஓரத்துல இருக்குற குட்டித் தகடு அசையும். காத்து தகட்டைத் தள்ளும், தகடு மடலைத் தள்ளும். இறக்கை மடல் ரெண்டும் நல்லா இருந்ததால இடம் வலம் திரும்பிக்கிட்டேன். மேல கீழதான் என் கையில இல்லை."

"இம்புட்டுத்தானா?"

"சொல்றதுக்கு இம்புட்டுத்தான். ஆனா எதுவும் உடனே நடக்காது. எஞ்சினைக் கூட்டுனா கொஞ்சம் பொறுத்துத்தான் மூக்கு ஏறும். பொறுமை இல்லாம இன்னும் கூட்டுனா ஒரேயடியா ஏறிரும். பதறிப்போய்க் குறைச்சா தலைகுப்புறப் போகும். அலையில போற மாதிரி ஏறி ஏறி இறங்குவோம். அந்த அலையைக் கொஞ்சங் கொஞ்சமா அடக்கணும். அதுக்குள்ள உயிரே போயிரும்."

ஏறி ஏறி இறங்குவது. அமுதவள்ளிக்கு எங்கேயோ இடித்தது, எங்கே என்று பிடிபடவில்லை.

"எஞ்சினை அணைக்காம எறங்குனியாமே?"

"அணைச்சா மூக்கு தரையில குத்திரும் மேடம். சக்கரம் தரையைத் தொடுற வரைக்கும் எஞ்சின் வேணும். அப்படின்னா வேகமாத்தான் இறங்க முடியும். ஓடி நிக்க நீளமா இடம் வேணும். மத்த கண்மாயெல்லாம் கருவேலங்காடு. எங்க ஊர்க் கண்மாய்லதான் போன மாசம் கருவேலத்தை வெட்டி எடுத்தாங்க. அப்பா போன்ல சொன்னாரு, அந்த ஞாபகந்தான் என்னைக் காப்பாத்துச்சு."

சொல்லிவிட்டுப் பெண் அழுதாள். "என்னை நம்புறீங்களா மேடம்?"

நம்பத்தான் ஆசை. ஆனால் மடல் பனைமரத்தடியில் கிடக்கிறதே! அமுதவள்ளி எழுந்து வெளியே வந்தாள். தன்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

பிற்பகல் இரண்டு மணி. கண்மாய்க் கரையில் முனீஸ்வரன் சோற்று வாளியோடு உட்கார்ந்திருந்தான்.

"ஏய்யா, ஊஞ்சலாடுச்சுன்னியே, அதை நல்லா யோசிச்சுச் சொல்லு. சத்தம் எப்படியிருந்துச்சு?"

"அதான் மேடம் வேடிக்கை. சத்தம் கூடும், பொறவு மேல தூக்கும். சத்தம் குறையும், பொறவு தாழும்."

"எங்க நின்னு பாத்த? இந்தக் கரையிலயா?"

"இங்கயா? திங்கக்கெழமை நாங்க இங்க இல்லையே! திருச்சுழிக்கு மேக்க நல்லமுத்து அண்ணாச்சி காட்டுலல்ல ஆட்டுக்கெடை போட்டிருந்தோம். ராத்திரியோட ராத்திரியாத்தான ஆட்டை இங்க ஓட்டியாந்தோம்."

அமுதவள்ளி இடுப்பில் கைவைத்து நின்றாள். ஆடு மேய்க்கிறவன் இன்றைக்கு நிற்கிற இடத்தில் நேற்றும் நின்றான் என்று எந்த மடச்சி நினைப்பாள்? அவள்தான் நினைத்திருக்கிறாள். அப்படியானால் இந்தப் பனையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விமானம் தள்ளாடியிருக்கிறது. பனையில் மோதுவதற்கு முன்பே எப்படித் தள்ளாடும்?

ஜீப் திருச்சுழி ரோட்டில் போனது. இருபுறமும் களங்களில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. காற்று திரும்பியதும் பால்ச்சாமி தும்மினார். பிறகு டிரைவர் தும்மினார். பிறகு பால்ச்சாமி மறுபடியும் தும்மினார்.

"வண்டிய நிறுத்தவாம்மா? தண்ணி குடிச்சிட்டு..."

"ஏட்டையா" என்றாள் அமுதவள்ளி மெதுவாக. "கண்மாய்ல மிளகாயா காயுது?"

"இல்லையேம்மா."

"அப்ப காலையில எதுக்குத் தும்முனீக? எனக்கு எதுக்குக் கண்ணு எரிஞ்சுச்சு?"

பால்ச்சாமி வாயைப் பிளந்தார். ஜீப்பின் பின்னால் சாக்கில் சுற்றிக் கிடந்த மடலை இறக்கி, கீல் மடிப்பைச் சாவியால் நெம்பிப் பார்த்தார்கள். மஞ்சளாக நாலைந்து மிளகாய் விதைகள் உதிர்ந்தன.

நல்லமுத்துவின் மிளகாய்க் களத்தில் அவர் மனைவி தங்கத்தாய் இருந்தாள். போலீஸைக் கண்டதும் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கேள்விதான் கேட்டார்கள், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"திங்கக்கெழமை டமார்னு விழுந்துச்சும்மா. போன வருசம் காத்துல ஒரு வெளம்பரத் தகரம் பறந்து வந்துச்சு, அந்த மாதிரின்னு நெனைச்சேன். வெள்ளையா, வழுவழுன்னு நல்லாருந்துச்சா, கழுவி மிளகாயக் காயப் போட்டுட்டேன். மறுநாள் டீவியில சொன்ன பொறவுதான் ஐயையோன்னு ஆயிருச்சு. போலீசு கேஸாயிருமேன்னு வாயத் தொறக்கலை."

"இப்ப எங்க அது?"

"அதான் தெரியலை. நேத்துப் பொழுது சாய மண்டியில இருந்து ஆளுக வந்து லோடு ஏத்துனாக. அவுக போன பொறவு பாத்தா காணோம். போனா போகட்டும், விட்டது சனின்னு இருந்துட்டேன்."

களத்தின் ஓரக் கல்லில் வெள்ளைப் பெயின்ட் உரசியிருந்தது. அமுதவள்ளி அதைப் படம் எடுத்தாள். திரும்பும்போது, மிச்சமிருந்த மூட்டைகள் அவள் கண்ணில் பட்டன. அவற்றை யாரும் வெறுந்தரையில் வைத்திருக்கவில்லை. அடியில் இந்தப் பக்கம் ஒரு கட்டை, அந்தப் பக்கம் ஒரு கட்டை.

"எதுக்கு இந்தக் கட்டை?"

"ஈரம் ஏறாம இருக்க, பொறவு கை குடுத்துத் தூக்கத் தோதா. எந்த லோடுமேனும் சரக்கைச் சும்மா தரையில வைக்க மாட்டான்" என்றாள் தங்கத்தாய்.

அமுதவள்ளிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது.

வியாழக்கிழமை, காலை பத்து மணி. கண்மாய்க்குள் விமானத்தின் நிழலில் நாற்காலி போட்டிருந்தார்கள். டெல்லி அதிகாரி நரைத்த மீசைக்காரர். தமிழ் அறிந்தவர், குறைவாகப் பேசுகிறவர். சுகந்தி கைக்கட்டோடு வந்திருந்தாள். பக்கத்தில் சந்தனம். உதயகுமார் கதையை முதலிலிருந்து அழகாகச் சொல்லி முடித்தார்.

அமுதவள்ளி எழுந்தாள். "சார், இந்த மடல் பனைமரத்துல மோதி விழலை. திருச்சுழிக்கு மேக்க ஒரு மிளகாக் களத்துல வானத்துல இருந்து விழுந்திருக்கு. இந்தப் பனையில இருந்து பஸ்ஸில போனாலும் அரைமணி நேரத் தூரம். கீல் மடிப்புல மிளகா விதை இருக்கு. களத்துக் கல்லுல பெயின்ட் இருக்கு. களத்துக்காரம்மா சாட்சி சொல்ல வந்திருக்காக. அந்தப் பக்கம் வரும்போதே விமானம் ஏறி இறங்கித் தள்ளாடுனதைப் பாத்தவரும் இங்க இருக்காரு. எஞ்சின் சத்தம் கூடுன பொறவு தூக்கியிருக்கு, குறைஞ்ச பொறவு தாழ்ந்திருக்கு. வித்தை காட்டுனது இல்லை சார் அது. ஒத்தையில ஒரு பொண்ணு எஞ்சினை மட்டும் வச்சு விமானத்தைக் கட்டி இழுத்துக்கிட்டு வந்திருக்கு."

அதிகாரி சட்டென்று நிமிர்ந்தார். "அப்புறம் எப்படி இது மரத்தடிக்கு வந்தது?"

எல்லோரும் உதயகுமாரைப் பார்த்தார்கள். அவர் முகம் வெளுத்தது. "நான் தொடலை! சத்தியமா நான் கொண்டுவந்து போடலை!"

"நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அமுதவள்ளி. "நீங்களா இருந்தா தூக்கி எறிஞ்சிட்டுப் போயிருப்பீக. இதைக் கொண்டுவந்த ஆளு, ரெண்டு மட்டையை அடியில குடுத்து, சரக்கை வைக்கிற மாதிரி பதனமா வச்சிருக்காரு. மோதி விழுந்த மட்டைன்னு நீங்க சொன்னீக, நானும் தலையாட்டுனேன். அது லோடு ஏத்துறவரோட கைப்பழக்கம். செவ்வாக்கெழமை பொழுது சாய அந்தக் களத்துக்குப் போன லோடுமேன்கள்ல, இந்தத் தகரம் இங்க வந்து சேரணும்னு தவிச்சவரு ஒருத்தர்தான்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. சந்தனம் தானாகவே எழுந்து முன்னால் வந்தார்.

"நாந்தான் தாயி."

"அப்பா!" சுகந்தி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "எதுக்குப்பா அதை எடுத்தே? அது கெடந்த எடந்தாம்ப்பா எனக்கு இருந்த ஒரே சாட்சி!"

"எனக்கென்னம்மா தெரியும்? நீ தொலைச்சிட்டன்னு சொன்னாக. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காசு வேணும்னு அன்னைக்கும் லோடு ஏத்தப் போனேன். களத்துல கெடந்ததப் பாத்ததும் கும்புடாத சாமியெல்லாம் கும்புட்டேன். தொலைஞ்ச சாமானைக் கொண்டாந்து வச்சிட்டா ஒம் மேல குத்தம் இருக்காதுன்னு நெனைச்சேன். விமானத்துக்கிட்ட காவலுக்கு ஆளு இருந்துச்சு. அதான் ராத்திரி லாரியை விட்டு எறக்கி இந்த மரத்தடியில வச்சேன். விடிஞ்சு பாத்தா, மரத்துல மோதிட்டன்னு பேசுறாக. வாயத் தொறந்தா போலீசை ஏமாத்துனேன்னு ஒன்னையும் சேத்துப் பிடிச்சிருவாகளோன்னு..."

சந்தனம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதிகாரி மடலின் கீலை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். போல்ட் இருக்க வேண்டிய ஓட்டை தேய்ந்து அகன்று பளபளத்தது. "இது மோதி அறுந்தது இல்லை. பல நாள் ஆடி ஆடித் தேய்ந்தது. கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?" என்று உதயகுமாரைக் கேட்டார். உதயகுமார் அடுத்த ஆளைத் தேடுவது போலப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமில்லை.

அமுதவள்ளி சந்தனத்திடம் வந்தாள். "அண்ணே, இதையெல்லாம் நீங்க வாக்குமூலமாக் குடுக்கணும். எங்க எடுத்தீக, எப்படிக் கொண்டாந்தீக, எல்லாத்தையும். ஆனா சாட்சியத்தை எடம் மாத்துனது குத்தம். உங்க மேல கேஸு வரலாம். அதை நான் மறைக்க மாட்டேன்."

"நான் உள்ள போனா இவ மறுபடி பறப்பாளா தாயி?"

அமுதவள்ளி திரும்பி அதிகாரியைப் பார்த்தாள். அவர் கீலைக் கீழே வைத்துவிட்டு, "நீங்கள் உண்மையைச் சொன்னால் உங்கள் மகள் மீது தடை போட எனக்குக் காரணம் இல்லை" என்றார்.

"அப்ப எழுதிக்கோங்க" என்றார் சந்தனம்.

பால்ச்சாமி தன் நாற்காலியை அவருக்குப் போட்டார். சந்தனம் அதன் நுனியில் உட்கார்ந்து, களத்துக்கு லோடு ஏற்றப் போனதிலிருந்து சொல்லத் தொடங்கினார். பாதியில் அழுகை வந்து நின்றுவிட்டார். சுகந்தி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நல்ல கையால் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுப்பா" என்றாள். "ஒண்ணையும் விட்டுறாத."